மலையைக் கீறியவன்

சிவகாசியிலிருந்து என்னை லண்டனுக்கு இழுத்துக்கொண்டு போனது ஒரே ஒரு சொல்தான்.

லண்டனில் ரெய்னர்ஸ் லேன் என்ற பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குணரத்தினம் என்ற யாழ்ப்பாணத்துக்காரர், பல வருடங்களாக எங்கள் அச்சகத்தில் தினசரி காலண்டர் அடித்து வாங்குகிறவர். எல்லா வருடமும் ஒரே படம்தான் கேட்பார். மலை, அருவி, அடியில் ஏரி, கரையில் இரண்டு மான், தண்ணீரில் ஒரு அன்னம். வேறு எதைக் காட்டினாலும் வேண்டாம் என்பார். ஒருநாள் அவர் எங்கள் முதலாளிக்குப் போன் செய்து, "அந்த மலைப் படம் கீறின ஆள் இன்னும் உங்களிட்ட நிக்கிறாரோ? அவரை ஒருக்கா இஞ்ச அனுப்பி வையுங்கோ. டிக்கெட் என்ர பொறுப்பு" என்றிருக்கிறார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"சுந்தரம், லண்டன் பார்ட்டிக்குப் போன காலண்டர்ல எல்லாம் மலை கீறியிருக்காம். கீறுன ஆளையே நேர்ல அனுப்பச் சொல்றார். போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வந்துருங்க."

"நான் எதையும் கீறலையே சார்."

"அதையும் நேர்லயே சொல்லிருங்க."

அப்படித்தான் ஐம்பத்தேழு வயதில், அச்சுப் புள்ளிகளைப் பார்க்கும் பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக விமானம் ஏறினேன்.

விமான நிலையத்தில் மற்றவர்கள் பெயர் எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குணரத்தினம் காலண்டரையே தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். கூட்டத்தில் ஆளைப் பார்ப்பதற்கு முன் மலையைப் பார்த்துவிட்டேன். எங்கள் ஊர் வழக்கப்படி "வணக்கம் அண்ணாச்சி" என்று அவர் கையைப் பிடித்தேன். அப்படியே காலண்டரை வாங்கி, பூதக்கண்ணாடியை எடுத்து, அங்கேயே ஒரு தூணில் சாய்ந்துகொண்டு அங்குலம் அங்குலமாகச் சோதித்தேன்.

"என்ன தேடுறியள் தம்பி?"

"கீறல் எங்க இருக்குன்னு பார்க்கிறேன் அண்ணாச்சி. ஒண்ணையும் காணோமே."

"என்ன கீறல்?"

"நீங்கதான படம் கீறியிருக்குன்னு சொன்னீங்க?"

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போன இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். "கீறினது எண்டா வரைஞ்சது! நாங்கள் படம் கீறுறது எண்டுதான் சொல்லுவம். படத்தில ஒரு பிழையும் இல்லை. பிழை இவங்களிலதான்."

'இவங்கள்' யார் என்பது காரில் போகும்போது தெரிந்தது. நகரத்தின் நடுவில் ஒரு பெரிய மியூசியத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு அமெரிக்க ஓவியரைக் கௌரவித்துக் கண்காட்சி நடக்கிறது. மலையும் காடும் வரைவதில் பேர் பெற்றவராம். ஊர் முழுக்க சுரங்க ரயில் நிலையங்களில் விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். விளம்பரத்தில் இருப்பது குணரத்தினத்தின் காலண்டர் படம்.

"உங்கட படம் தம்பி. கீழ வேற ஒருத்தன்ர பேர். அப்பட்டமான களவு. நானும் நீங்களும் நேர போய்க் கேப்பம்."

கார்க் கண்ணாடியை இறக்கினேன். குளிர் வந்து முகத்தில் அறைந்தது. மறுபடி ஏற்றிக்கொண்டேன்.

உண்மையை வாசகர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். அச்சகத்தில் சேர்ந்த புதிதில், வெளிநாட்டுப் பழைய பேப்பர் மூட்டை ஒன்றில் கிடைத்த ஒரு பத்திரிகையிலிருந்து அந்தப் படத்தைப் பார்த்து வரைந்தேன். உள்ளங்கை அளவுப் படம். படத்துக்குக் கீழே இருந்த எழுத்து கிழிந்துபோயிருந்தது. பதினோரு நாள் உட்கார்ந்து போஸ்டர் கலரில் பெரிதாக்கினேன். "எங்க சொந்த ஆர்ட்டிஸ்ட் வரைஞ்சது" என்று முதலாளி எல்லாப் பார்ட்டியிடமும் சொன்னார். நான் மறுக்கவில்லை. யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. சிவகாசியில் யார்தான் கேட்பார்கள்?

குணரத்தினம் வீட்டில் அவர் மனைவி யோகம் அக்கா இடியப்பமும் சொதியும் வைத்தார். சொதி என்பது மஞ்சள் நிறத்தில் ஒரு தேங்காய்ப்பால் குழம்பு. பரோட்டாவுக்கு முட்ட முட்ட சால்னா ஊற்றிச் சாப்பிடும் ஊர்க்காரனுக்கு அது முதலில் நோயாளிச் சாப்பாடு மாதிரி இருந்தது. மூன்றாவது இடியப்பத்தில் பிடிபட்டது. சாப்பிட்டுவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் யோகம் அக்கா, "நீங்கள் கீறின மலையைப் பாத்துக்கொண்டுதான் தம்பி நான் தினம் வெங்காயம் உரிக்கிறனான்" என்றார். வாயில் இருந்ததை விழுங்கினேன், சொல்ல வந்ததையும் சேர்த்து.

இரண்டாம் நாள் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சாமி கும்பிட என்று நினைத்தேன். பூசை முடிந்ததும் குணரத்தினம் என்னை முன்னால் நிறுத்தி, "இவர்தான் எங்கட கலண்டர் மலையைக் கீறினவர்" என்றார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பொன்னாடை போட்டார்கள். காலண்டர் அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லார் வீட்டிலும் தொங்குகிறது போலிருக்கிறது. ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "அது எந்த இடத்து மலை?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பொன்னாடை தோளில் இருக்கும்போது தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"குற்றாலம் பக்கம்" என்றேன்.

"நான் சொன்னனான்தானே, இந்தியா எண்டு!" என்று இன்னொருவர் பக்கத்தில் நின்றவரை இடித்தார். அன்றைக்குப் பிரசாதமாகக் கொடுத்த சர்க்கரைப் பொங்கல் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு ருசி தெரியவில்லை.

மூன்றாம் நாள் மியூசியம். யோகம் அக்கா ஆட்டிறைச்சி ரோல்ஸ் சுற்றிக் கொடுத்தார். சாட்சிக்காகக் காலண்டரை என் கையில் கொடுத்துவிட்டு, குணரத்தினம் தன் போனில் நுழைவுச் சீட்டை வைத்துக்கொண்டார். லண்டன் சுரங்க ரயிலில் எதிரெதிராக உட்கார்ந்துகொண்டு யாரும் யாரையும் பார்ப்பதில்லை. நம் ஊர் பஸ்ஸில் என்றால் காலண்டரைக் கண்டவுடன் நாலு பேர் வாங்கி நல்ல நேரம் பார்த்திருப்பார்கள். இங்கே எனக்கு எதிரே இருந்த வயதான வெள்ளைக்கார அம்மா மட்டும் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் தாங்க முடியாமல், "மன்னிக்க வேண்டும், இன்று வியாழக்கிழமை" என்றார். காலண்டர் திங்கள்கிழமையிலேயே நின்றிருந்தது. மூன்று தாளைக் கிழித்தேன். அவருக்கு நிம்மதியாகிவிட்டது.

ஒரு நிலையத்தில் ரயில் நின்றபோது குணரத்தினம் துள்ளி எழுந்தார். "அந்தா! போஸ்ரர்! பாருங்கோ தம்பி!" என்று இறங்கி, சுவரில் இருந்த விளம்பரத்தின் மேல் விரலை வைத்தார். கதவு மூடிக்கொண்டது. விரல் விளம்பரத்தில், வாய் திறந்தபடி, அவர் பின்னால் போய்விட்டார்.

அடுத்த நிலையத்தில் இறங்கி நின்றேன். அடுத்த ரயில் வந்தது. அதில் அவர் கதவோரம் நின்றிருந்தார். நான் இன்னும் தூரம் போயிருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ, இறங்கவில்லை. என்னைக் கண்டபோது கதவு மூடிவிட்டது. கையை ஆட்டிக்கொண்டே இந்தத் தடவை முன்னால் போய்விட்டார். நானும் கையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

மியூசியத்தின் பெயர் எனக்குத் தெரியாது. நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் காலண்டரைக் காட்டினேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஓ, கண்காட்சி!" என்று வழியைக் கையிலேயே படமாகப் போட்டுக் காட்டினாள். மானையும் அன்னத்தையும் மீறி அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. 

வாசலில் சீட்டு இல்லாமல் நின்றேன். பை சோதிக்கிறவர் காலண்டரைப் பார்த்தார். "சாம்பிளா?" என்றார். ஆமாம் என்றேன். "காலண்டர் கம்பெனியா?" ஆமாம். "இந்தியாவிலிருந்தா?" ஆமாம். மூன்றும் உண்மை. அவர் யாருக்கோ போன் செய்தார். ஒரு பெண் வந்து என்னை மரியாதையாக மியூசியத்துக்குள் இருக்கும் கடைக்கு அழைத்துப் போனாள். குவளை, குடை, சால்வை, மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி, எல்லாவற்றிலும் என் மலை. கடை மேலாளர் காலண்டரைக் கையில் வாங்கி, நீட்டிப் பார்த்து, "தாள் நன்றாக இருக்கிறது. ஆனால் மான்கள் எதற்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "பார்ட்டி லைக்" என்றேன். அவர் யோசனையில் ஆழ்ந்தார். யாரோ அவரைக் கூப்பிட, பக்கத்துக் கதவைக் காட்டி, அதுவரை கண்காட்சியைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது வெளியே வருகிறவர்களுக்கான கதவு. ஆகவே அந்த ஓவியரின் வாழ்க்கையை நான் பின்பக்கமிருந்து பார்த்தேன். முதல் அறையில் இறந்துபோனார். அடுத்த அறையில் கிழவராக மங்கலான கடற்கரை வரைந்தார். அதற்கடுத்து தாடி கறுத்தது. எதிரே வந்தவர்கள் எல்லாரும் என்னை விலகிப் போனார்கள். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. கடைசிவரை எனக்கு அதைச் சரியாக உச்சரிக்க வரவில்லை, எழுதினால் அதையும் தப்பாக எழுதுவேன்.

நான்காவது அறையில் மலை இருந்தது.

லாரியின் பக்கவாட்டுப் பலகை அளவு இருந்தது. உள்ளங்கையளவில் பார்த்ததை நான் இத்தனை காலம் முழுசு என்று நம்பியிருக்கிறேன். நான் பச்சையாக அப்பியிருந்த உச்சியில் பனி. அந்தப் பனிக்குள்ளே ரோஜா நிறம், அதற்குள்ளே நீலம். அருவியின் பாதியில் ஒரு மரம் முறிந்து தொங்கியது. பத்திரிகையில் அது ஒரு கறுப்புப் புள்ளி. நான் அதை அழுக்கு என்று நினைத்து விட்டுவிட்டேன். வானத்தைப் பார்த்தேன். என் காலண்டரில் வலது மூலையில் ஒரு அழகான பழுப்பு மேகம் உண்டு, எல்லாரும் புகழ்வார்கள். இங்கே அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, சுத்தமான வானம். பழைய பத்திரிகையில் யாரோ சிந்திய டீக்கறையை நான் மேகமாக வரைந்திருக்கிறேன்.

பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன். "ஐயா, ஒரு அடி பின்னால்" என்றார் காவலர். ஒரு அடி பின்னால் போனேன். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அழுகை வரும்போல் இருந்தது. காவலர் எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார்.

அந்த நேரம்தான் எதிர்ப்பக்க வாசலில் குணரத்தினத்தின் குரல் கேட்டது. தனியாக வரவில்லை. கண்காட்சிப் பொறுப்பாளரையே கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளைத் தலைமுடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டிக்கொண்ட ஒரு அம்மா. கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி.

"இவர்தான்" என்று ஆங்கிலத்தில் என்னைக் காட்டினார் குணரத்தினம். "இது தென்னிந்தியாவில் குற்றாலம் என்ற இடம். வரைந்தவர் இந்த மனிதர். ஆதாரம் அவர் கையில் இருக்கிறது."

அந்த அம்மா சிரிக்கவில்லை. காலண்டரை வாங்கிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். திரும்பக் காலண்டரைப் பார்த்தார். பிறகு மிகப் பணிவாக ஒரு கேள்வி கேட்டார்.

குணரத்தினம் என் பக்கம் திரும்பினார். "தம்பி, குற்றாலத்தில பனி பெய்யுமோ எண்டு கேக்கிறா. பெய்யும் எண்டு சொல்லட்டோ?"

"சொல்லாதீங்க அண்ணாச்சி. நான் சொல்றத அப்படியே இங்கிலீஷ்ல சொல்லுங்க."

"சொல்லுங்கோ."

"இந்தப் படத்தை நான் வரையல. ஒரு பழைய பத்திரிகையில இதைப் பார்த்துதான் காலண்டருக்கு வரைஞ்சேன். யார் வரைஞ்சதுன்னே தெரியாது. குற்றாலம்னு சொன்னது பொய்."

 அந்த அம்மா காத்திருந்தார். காவலரும் காத்திருந்தார். குணரத்தினம் காலண்டரைத் திருப்பி வாங்கி, அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. பிறகு சின்னக் குரலில், ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லத் தொடங்கினார். ஒன்றையும் விடவில்லை. பொய் என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை மட்டும் அவர் சொல்லவில்லை. "கூச்சப்பட்டார்" என்றார்.

அந்த அம்மாவின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். இப்படி ஒரு படம் உலகத்தின் இன்னொரு மூலையில் வீடு வீடாகத் தொங்குகிறது என்பது தங்களுக்குத் தெரியவே தெரியாது என்றார். பிறகு விசாரணை ஆரம்பித்தது. பனி ஏன் பச்சையானது? வெயில் ஊர், பனி என்றால் வாங்க மாட்டார்கள் என்றேன். மான்கள்? முதலாளியின் மனைவி கேட்டார். அன்னம்? மான் இருந்தால் அன்னமும் இருக்க வேண்டும். மேகம்? டீ. "டீ" என்று எழுதி, அடியில் கோடு போட்டுக்கொண்டார்.

கடைசியாக, ஓவியத்தின் இடது கீழ்மூலையைக் காட்டினார். "இவர் எங்கே போனார்?"

குணரத்தினம் குனிந்து பார்த்தார். அங்கே ஒரு பாறையில், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொப்பி போட்ட ஒரு மனிதர் மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய படத்தில் விரல் உயரம்தான். காலண்டரில் அதே இடத்தில் சிவப்பு எழுத்தில் கடைப் பெயரும் போன் நம்பரும் இருந்தன.

"இந்த ஆள் முந்தியே இருந்தவரோ?" என்று என்னைக் கேட்டார்.

"இருந்தார் அண்ணாச்சி. உங்க கடைப் பேர் போட இடம் வேணும்ல. அந்த மூலைதான் காலியா இருந்துச்சு."

"காலியா இருக்கேல்லையே. ஆள் இருந்திருக்கிறாரே."

 அந்த அம்மா காலண்டரை மியூசியத்துக்குத் தர முடியுமா என்று கேட்டார். குணரத்தினம் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டவர் தேதித் தாளில் இருந்த கட்டங்களைப் பற்றிக் கேட்க, ராகுகாலம் என்றால் என்ன என்று குணரத்தினம் விளக்கினார். காவலர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் அப்போது ராகுகாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தோம்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து ரோல்ஸ் சாப்பிட்டோம். ஒரு புறா வந்து நின்றது. நான்தான் ஆரம்பித்தேன். "மன்னிச்சிருங்க அண்ணாச்சி. கோயில்ல வேற பொன்னாடை..."

"பாத்துக் கீறினதில எனக்கு ஒண்டும் இல்லை தம்பி. நானும் இந்த நாட்டுக்கு வந்து எல்லாத்தையும் மற்றவையைப் பாத்துப் பாத்துத்தான் செய்தனான். கடை நடத்தினதும் அப்படித்தான்." ரோலை இரண்டாக உடைத்தார். சாப்பிடவில்லை. "ஆனா ஒரு மனுசன் பேசாம இருந்து மலையைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவரை எழுப்பிப் போட்டு அந்த இடத்தில என்ர பேரைப் போட்டிருக்கிறியள். இவ்வளவு காலமும் எனக்கு ஒரு சொல்லுத் தெரியாது. குரோய்டன் இமிகிரேசன் ஒஃபிஸில நாள் முழுக்க லைன்ல நிண்டு எனக்கு இந்த நாட்டில இருக்க இடம் கேட்டவன் நான். என்னைக் கொண்டு ஒருத்தரை எழுப்பிப் போட்டியளே."

திரும்பி வரும்போது ரயிலில் அவர் எந்தப் போஸ்டருக்கும் எழுந்திருக்கவில்லை. இந்தத் தடவை இருவரும் ஒரே பெட்டியில் போய்ச் சேர்ந்தோம்.

யோகம் அக்கா கதையைக் கேட்டுவிட்டு, வெங்காயத்தை நிறுத்தாமலே, "அப்ப ஆளைத் திருப்பிப் போட்டு விடுங்கோவன். இதுக்கேன் ரெண்டு பேரும் சாவீட்டு முகத்தோட நிக்கிறியள்?" என்றார். மறுநாள் காலையில் அவரே பக்கத்துத் தெருக் கடையில் பிள்ளைகள் பயன்படுத்தும் வர்ணப் பெட்டி ஒன்றும் தூரிகையும் வாங்கி வந்தார்.

கடையில் கொடுத்தது போக மிச்சம் ஒரு கட்டுக் காலண்டர் இருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில், வாழைக்காய்ப் பெட்டிமேல் பலகை போட்டு உட்கார்ந்தேன். கடைப் பெயரின் மேல் சாம்பல் நிறம் பூசிப் பாறையாக்கினேன். போன் நம்பரின் மேல் ஒரு மனிதரை உட்கார வைத்தேன். "நம்பர் போனாப் போகட்டும், எல்லாருக்கும் மனப்பாடம்தானே" என்றார் குணரத்தினம்.

மரவள்ளிக்கிழங்கு வாங்க வந்த ஒருவர் நின்று பார்த்தார். அவர் போய் இன்னொருவரிடம் சொல்லியிருக்க வேண்டும். மத்தியானத்துக்குள் ஆட்கள் வீட்டுச் சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். குற்றாலம் இல்லை, அமெரிக்கா, பார்த்து வரைந்தது என்று ஒவ்வொருவரிடமும் நானே சொன்னேன். கோயிலில் பக்கத்தில் நின்றவரை இடித்தவர் மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டார். மற்றவர்களுக்கு ஆள்தான் முக்கியம்.

ஒருவர் தொப்பி வேண்டாம் என்றார். அவர் பஸ் ஓட்டுகிறவர், நாள் முழுக்க ஏறுகிறவர்களின் தொப்பியைப் பார்த்துச் சலித்துவிட்டதாம். ஒரு வாத்தியார் மான்களை எடுத்துவிடச் சொன்னார், ஏரிக்கரையில் பகலில் மான் இப்படி நிற்காது என்று. ஒரு பெண் தன் நாயின் போட்டோவைக் காட்டினாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள், கடைசியில் மட்டும் "ப்ளீஸ் மாமா" என்றாள். நாயையும் போட்டேன். சாயங்காலம் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு அம்மா வந்து, தன்னுடையதில் இரண்டு பேரைப் போடச் சொன்னார்.

"ரெண்டு பேருமா?"

"ஓம். அவர் தை மாசம் செத்துப்போட்டார். பக்கத்தில என்னையும் இருத்தி விடுங்கோ. கொஞ்சம் தள்ளி. கிட்ட இருந்தா அவர் கதைச்சுக்கொண்டே இருப்பார்."

கொஞ்சம் தள்ளி இருத்தினேன். பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளச் சொன்னார். பாறை முடிந்துவிட்டது என்றேன். "அப்ப பரவாயில்லை" என்று சுற்றி வாங்கிக்கொண்டு போனார்.

இப்படி ஐந்தாம் நாளும் போயிற்று. லண்டனில் என்ன பார்த்தாய் என்று பிறகு ஊரில் கேட்டார்கள். ஒரு மலை பார்த்தேன் என்றேன். அரண்மனை, பாலம், மணிக்கூண்டு எதுவும் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை, கையில் எப்போதும் ஈரவர்ணம்.

கிளம்பும் நாள் காலையில் குணரத்தினம் கடைச் சுவரில் தொங்கிய தன்னுடைய காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதுதான் கடைசி.

"தம்பி, என்ர படத்தில மட்டும் ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். இஞ்சால திரும்பி இருக்கட்டும்."

"மலையைப் பார்க்கத்தான அண்ணாச்சி உட்கார்ந்திருக்கார்?"

"கனகாலம் பாத்திட்டார். இப்ப ஆக்களைப் பாக்கட்டும்."

அரிசி அளவு முகம். பிள்ளைகளின் வர்ணப் பெட்டி. தூரிகையிலிருந்து ஒரே ஒரு மயிரை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டி எறிந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கண் வைத்தேன். இடது கண் சரியாக விழுந்தது. வலது கண் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. திடுக்கிட்டவர் மாதிரி ஆகிவிட்டார். துடைக்கப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கோ. இப்பத்தானே எங்களைக் காணுறார். அப்படித்தான் முழிப்பார்."

காலண்டரை அதே ஆணியில் மாட்டினார். இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தார். வாசல் மணி அடித்தது. யாரோ தேங்காய் கேட்டார்கள். "வாறன்" என்று திரும்பியவர், போகிற போக்கில் படத்து மனிதரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், கடைக்கு வந்த வேறு எந்த ஆளுக்கும் அசைப்பதுபோல.